நிழல் வரைபடம்

நாற்பத்திநாலு மாடி.
கிளிநொச்சிக்கு.
இதுவரை எங்களிடம் உயர்ந்து நின்றவை
ஒரு தொலைபேசிக் கோபுரமும்
நுண்கடன் வட்டியும்தான்.

கொழும்பு ஆலோசகர் கட்டடத்தை வரைந்தார்.
கண்ணாடி, மேலே கண்ணாடி, அதற்கும் மேலே கண்ணாடி.
அடியில் உலவ விட்ட மனிதர் ஒருவருக்கும்
வியர்வை இல்லை.
ஒரு பெண் வெள்ளை நாயை வார்பிடித்துப் போகிறாள்,
எங்கிருந்து வந்தாளோ.

என் பங்குக்கு வந்தது நிழல்.
எந்த மாதம், எத்தனை மணிக்கு, எவர் தலையில் விழும்?
கணித்து வரைந்து தரச் சொன்னது சபை.

வரைந்தேன்.
மார்கழி நண்பகல், வடக்கே நூற்றெட்டு மீற்றர்,
மீன்கடைத் தகரம் மட்டும்.
ஆனி நண்பகல், தெற்கே நாற்பத்திரண்டு,
மோட்டார்சைக்கிள் தரிப்பிடம் போதும் அதற்கு.
பின்னேரம் நாலரைக்கு எழுந்து
ஏ-ஒன்பது வீதியைக் குறுக்கே கடக்கிறது,
யாழ்ப்பாண பஸ்சுக்கும் வழிவிடாமல்.

துளையிட வந்தவர்கள் முதலில் கேட்டது
கண்ணிவெடி அகற்றிய சான்றிதழ்.
பிறகுதான் மண்.
ஒன்றரை மீற்றரில் ஒரு செருப்பு வார்,
எண்ணெய்ப் போத்தல் மூடி ஒன்று, நீலம்.
அதற்குக் கீழே சிவப்பு, களி, பாறை.
அறிக்கையில் முதல் வரி:
'நிரப்பு மண். பொருட்படுத்தத் தேவையில்லை.'

கருத்துக் கேட்கும் நாளில்
பிளாஸ்ரிக் கதிரை போதவில்லை.
கரண்ட் போனால் லிப்டுக்குள்ள நிக்கிற ஆள் என்ன செய்யிறது?
நாற்பத்திநாலு மாடிக் கழிவும் எந்தக் குழிக்கு?
நீலகண்டர் எழும்பினார்:
முப்பதாம் மாடிக்குத் தண்ணி ஏறும் எண்டுறியள்,
இரணைமடுவில இருந்து
என்ர கடைசி வயலுக்கு, அதுவும் பள்ளத்தில,
ஏன் இன்னும் இறங்கேல்லை?
ஆலோசகர் குறித்துக்கொண்டார்.

பரமலோஜினி பின்வரிசை.
உச்சியில நிண்டால் கேப்பாபிலவு தெரியுமோ?
தெரியும் அம்மா, வானம் வெளித்திருந்தால்
அங்கால கடலும் இங்கால கடலும் சேர்த்தே தெரியும்.
கடல் வேண்டாம் தம்பி.
கம்பிக்கு அந்தப் பக்கம் எங்கட கிணறு.
மூடிப்போட்டினமோ, இறைக்கினமோ
எண்டு பாக்கத்தான்.
அதையும் குறித்துக்கொண்டார்:
பார்வை மாடம். நுழைவுச்சீட்டு அறவிடலாம்.

எல்லாரும் போன பிறகு
லொத்தர் விற்கிற தவயோகன்
மூன்று சில்லு வண்டியைக் கையால் உருட்டி
என் மேசையடிக்கு வந்தான்.
பிள்ளை, மத்தியானம் ரெண்டு மணிக்கு
எங்க விழும் உது?
இப்பவே இடம் பிடிக்க வேணும்,
பிறகு இளநிக்காரர் வந்திடுவினம்.
கணித்தேன்.
கிழக்கே தொண்ணூறு சொச்சம்.
வங்கி மதிலோரம், அந்தப் பூட்டின கடை வாசல்.

ஐந்தாவது தாள் மட்டும் திரும்பி வந்தது.
சித்திரை நடுவில் ஒரு நண்பகல் இருக்கிறது,
வெயில் நேர் உச்சியில்.
எவ்வளவு கட்டினாலும்
காலடிக்கு வெளியே நிழல் இல்லை.
கட்டடத்தை ஒரு சதுரமாகப் போட்டு
மிச்சத்தை வெள்ளையாக விட்டிருந்தேன்.
ஓரத்தில் சிவப்பு மையில் சபை எழுதியிருந்தது:
'நிழலை வரைய மறந்துவிட்டீர்கள்.'

ஆறு மாதமாகிறது.
துளைகளுக்குச் சீமெந்து மூடி போட்டாயிற்று.
முதலீட்டாளர் வேறு ஊர் பார்க்கிறாராம்,
இல்லை, தையில் வருகிறாராம்.

நேற்று ரெண்டு மணிக்கு வங்கிக்குப் போனேன்.
பூட்டின கடை வாசலில்
தலையில் ஈரத் துவாயோடு தவயோகன்,
மேலே ஒரு மேகமும் கிடையாது.
வண்டியைச் சுற்றி நிலத்தில்
வெண்கட்டியால் கோடு போட்டிருந்தான்,
நான் சொன்ன அளவுக்கு, அச்சொட்டாக.
கோட்டுக்கு வெளியே நின்று
ஒரு சீட்டுக் கேட்டேன்.
உள்ளுக்கு வாங்கோ பிள்ளை, என்றான்,
வெயில்ல நிக்காதேங்கோ.