அங்குலத்துக்குப் பதினொன்று

கேப் டவுன், உட்ஸ்டாக்.
டாக்ஸி இறக்கிவிட்ட இடத்தில்
சுவர் முழுக்க ஒரு வரிக்குதிரை.
பாதிதான் வரைந்திருந்தார்கள்.
பின்னங்கால்களுக்குப் பெயிண்ட் தீர்ந்ததா
காசு தீர்ந்ததா, கேட்கவில்லை.
என் பெட்டியில் பதினெட்டு சாம்பிள் சட்டைகள்
கசங்கிவிடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன.

முன்பு சட்டை தைத்த ஆலை, இப்போது ஓட்டல்.
அறைகளுக்கு எண் இல்லை, அளவு.
ஸ்மால், மீடியம், லார்ஜ்.
எனக்கு மீடியம்.
ஸ்மாலே அதிகமுங்க என்பார்
அக்கவுண்ட்ஸ் மாரப்பன்.

வரவேற்பில் லியாபோனா, காதில் மூன்று வளையம்.
பழுப்பு அட்டை ஒன்றை நீட்டி
பழைய வருகைக் கடிகாரத்தில் செருகச் சொன்னான்.
வருகிற எல்லோரும் செய்வதாம், விளையாட்டுக்கு.
டக்கென்று விழுந்தது நேரம், சிவப்பு மையில்.
"சிவப்பு என்றால்?" என்றேன், தெரிந்துகொண்டே.
"அழகுக்கு, மேடம்."
திருப்பூரில் அதன் பெயர்
அரைநாள் சம்பளம்.

செங்கல் சுவர், இரும்புத் தூண்,
கட்டிலருகே விளக்கு வைக்க ஒரு காஜா மெஷின்.
ஊசியைக் கழற்றி, எண்ணெய் வாசம் போகத் துடைத்து.
சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தேன். சுற்றியது.
கூரையில் ட்யூப்லைட் தொங்கிய துளைகளை எண்ணினேன்.
லைனுக்கு இருபத்திரண்டு மெஷின் ஓடியிருக்கும்.
நான் படுத்திருப்பது காலர் பக்கமா, கை பக்கமா
முடிவாவதற்குள் தூங்கிவிட்டேன்.

ஆலை மூடிய வருடத்தை
ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தார்கள், நல்ல எழுத்தில்.
அந்த வருடம் எங்களுக்கு மூன்று ஷிஃப்ட்.
நான் புது ஸ்கூட்டர் வாங்கினேன்.
இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று
யாரும் சொன்னதில்லை.
இல்லையென்றும்.

குளியலறையில் வெள்ளை அங்கி.
கழுத்தைப் புரட்டினேன், தொழில் புத்தி,
நம்ம ஊராக இருக்குமென்று.
வங்கதேசம்.
இந்த மாதிரிச் சரக்குக்கு நாங்களும் விலை கொடுத்தோம்,
நாலு சென்ட்டில் போய்விட்டது.

ஜன்னலுக்கு வெளியே மலைமேல் மேகம்
ஓரம் அடிக்காத துணி போலச் சரிந்துகொண்டிருந்தபோது
விரிப்பு மாற்ற வந்தார் ஷார்மேன்.
சட்டை அடுக்கைப் பார்த்தார்.
தொடலாமா என்று கண்ணால் கேட்டு
கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு
பக்கத் தையல்மேல் கட்டைவிரல் நகத்தை நகர்த்தினார்.
கண்ணாடி போடவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"பதினொன்று. நாங்கள் பதினான்கு போடுவோம்."

பையர் கேட்டதே அவ்வளவுதான்,
நூல் மிச்சம் என்றேன்.
"அப்படித்தான் ஆரம்பிக்கும்"
என்றபடி தலையணைக்கு உறை மாட்டினார்.
கதவருகே போய்த் திரும்பி,
காலர் நன்றாக உட்கார்ந்திருக்கிறது என்றார்.

உடனே லைன் சூப்பர்வைசர் வெள்ளையம்மாளுக்கு
வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.
"யாருங்க சொன்னது, பையருங்களா?"
ஆமாம் என்றேன்.

பையரோ மதியம்
கைப்பிடியில்லாத கோப்பையில் காபி குடித்துக்கொண்டே
ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு கதை வேண்டும் என்றார்.
தையலைத் திருப்பிப் பார்க்கவில்லை.
விலையை வெள்ளிக்கிழமை சொல்வாராம்.

கிளம்பும்போது இன்னும் விடியவில்லை.
லியாபோனா சோபாவில் தூங்க,
அட்டையை நானே செருகினேன்.
ஐந்து ஐம்பத்திரண்டு. கறுப்பு மை.
தெருவில் வரிக்குதிரைக்கு
ஒரு பின்னங்கால் முளைத்திருந்தது.

பெட்டியில் பதினேழு சட்டைகள்.
ஒன்றை காஜா மெஷின்மேல் மடித்து வைத்துவிட்டேன்.
அவருக்கு அளவு சரியாக இருக்குமா, தெரியாது.
மாரப்பன் கணக்கில் பதினெட்டு.
பார்த்துக்கலாம்.