காது என்றால் அல்ல

நெத்திலிக் கடன் எழுதுகிற நோட்டில்
கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி எழுதிவந்தேன்.
முதல் சொல்: நொப்பி.
காக்கிநாடா பெரியாஸ்பத்திரியிலிருந்து
இரவு ஒன்பது மணிக்கு
நர்ஸ் நூகரத்னம் சொன்னது.
நோவு என்று நானே புரிந்துகொண்டேன்.

வின்ச்சில் கயிறோடு போயிருந்தது
ஜெர்மானுஸின் வலது கை.
எவ்வளவு போனது என்று சொல்லத் தெரிந்தவர்கள்
மறுபடி கடலுக்குப் போய்விட்டார்கள்.
அவருடைய போன் கடலில்; அவர் காய்ச்சலில்.
மிச்சமிருந்தது நூகரத்னத்தின் தெலுங்கு.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் அறுபது ரூபாய்க்கு வாங்கிய புத்தகம்
‘கிளி மாமரத்தின் மேல் இருக்கிறது’ என்று தொடங்கியது.
இருக்கட்டும்.
‘உங்கள் அண்ணன் வக்கீலா?’ என்றும் கேட்டது.
குறும்பனையிலிருந்து கருங்கல் சந்தை வரை
சாளைச் சருவத்தைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு
கிளியைத் தாண்டி, வக்கீலைத் தாண்டி
கை எங்கே என்று தேடினேன்.
முப்பத்தெட்டாம் பக்கம்: செய்யி.
கை என்றாலும் செய்யி,
செய் என்று ஏவினாலும் செய்யி.
டிக்கெட்டை நீட்டியபடி
கண்டக்டர் நின்றுகொண்டே இருந்தார்.

மூன்றாம் இரவு லைனில் ஒரே இரைச்சல்.
“காலி, காலி... வினபடடம் லேது” என்றாள்.
காலி கேட்டது. லேது கேட்டது.
லேது என்றால் இல்லை என்று
அன்று மத்தியானம்தான் படித்திருந்தேன்.
படிக்காமல் இருந்திருக்கலாம்.
குருசடிப் படியில் அப்படியே உட்கார்ந்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை;
சொன்னால் காலி என்கிற சொல்லை நானும் சொல்ல வேண்டும்.
விடிந்ததும் புத்தகத்தின் பின்னால், க வரிசையில் பார்த்தேன்.
காலி: காற்று.
காற்று, கேட்கவில்லை. அவ்வளவுதான் சொல்லியிருக்கிறாள்.
அன்றைக்கு முதலில் வந்து விலை கேட்டவளைப் பார்த்துச் சிரித்தேன்,
கிலோவுக்கு இருபது ரூபாய் குறைத்தும் கொடுத்தேன்.

அந்த மொழியில் ஒரு ஏற்பாடு:
அவன் வந்தால் வச்சாடு.
அவள் வந்தாலும் வச்சிந்தி,
படகு வந்தாலும், பூனை வந்தாலும் வச்சிந்தி.
ஒற்றையாய் வருகிற பெண் அஃறிணை.
இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான்
வச்சாரு, மனுஷர்.
எட்டு வருஷமாய் ஏலத்தில் நான் தனியாய் நிற்கிறேன்.
அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டேன்.

ஆறாம் இரவு நானே கேட்டேன்,
பஸ்ஸிலேயே கோத்துவைத்திருந்த முழு வாக்கியம்:
“செய்யி எலா உந்தி?”
கை எப்படி இருக்கிறது.
அவள் கொஞ்சம் நிறுத்தினாள்.
பிறகு மெதுவாக, சொல் சொல்லாக:
“வேள்ளு... லேவு.”
விரல்.
ஒன்று இல்லையென்றால் லேது.
ஒன்றுக்கு மேல் இல்லையென்றால் லேவு.
அந்த ஒரு ‘வு’வில் ஏறித்தான்
செய்தி எனக்கு வந்து சேர்ந்தது.
எத்தனை? என்னி?
“ரெண்டு.”
அதற்குப் புத்தகம் வேண்டியிருக்கவில்லை.
பெருவிரல் இருக்கிறது, இருக்கிறது என்று
உந்தி, உந்தி, மூன்று தரம் சொன்னாள்.

வேள்ளு என்றால் விரல்கள்,
வேர்களுக்கும் அதே சொல்தான் என்கிறது அடிக்குறிப்பு.
இதை அவரிடம் சொல்லப் போவதில்லை.
அவர் மரமில்லை, முளைக்காது.

செவ்வாய்க்கிழமை ரயில் ஏற்றிவிடுகிறார்களாம்.
தேதி, பெட்டி எண், துணைக்கு வருகிற பையன் பேர்,
எல்லாம் சொல்லி முடித்துவிட்டு
போனை வைக்காமல் நூகரத்னம் கேட்டாள்:
“ஏடுஸ்துன்னாரா?”
அழுகிறீர்களா.

இல்லைக்கு இரண்டு சொல் அவர்களிடம்.
இல்லாததற்கு லேது. அல்லாததற்குக் காது.
அலைக்கு அங்கே ஐ கிடையாது.
போனை அழுத்திப் பிடித்திருந்ததில்
எனக்க காது சுட்டது.
வீட்டுக்குப் பின்னால் கல்லில்
கடல் அடித்துக்கொண்டிருந்தது.

“ஏடுப்பு காது,” என்றேன்.
“அல.”