காலி வண்டி

பாடாங் செராயில் ஒருவன் ஓடினால்
யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பொருள்.
முதல் நாள் மூன்று மோட்டார்கள் நின்றன.
"ஏறுங்கண்ணே, எந்த ஆஸ்பத்திரி?"
சும்மாதான் ஓடுகிறேன் என்று சொல்ல
எனக்கு மூச்சும் இல்லை, முகமும் இல்லை.

பதினாறு வருடமாய்ச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில்
உட்கார்ந்தே ஊர் சுற்றியவன்.
ஆலையின் எடைமேடை
வண்டியோடு என்னையும் சேர்த்துக் கழித்துவிட்டுத்தான்
சரக்கைக் கணக்கெழுதும்.
நான் தொண்ணூற்று நான்கு கிலோ ஆனதை
யாரும் எனக்குச் சொல்லவில்லை,
கிளினிக்கின் சின்னத் தராசு சொல்லும்வரை.

பாசார் மாலாமில் முப்பத்தைந்து வெள்ளிக்குச் சப்பாத்து.
பள்ளியில் நானூறு மீட்டரில் இரண்டாவதாய் வந்த கால்கள்
இன்னும் என்னிடமே இருப்பதாய் நம்பி
கோயில் முச்சந்தியிலிருந்து பழைய ரப்பர் ஸ்டோர் வரை
நிற்காமல் ஓடினேன்.
மறுநாளும்.
அதற்கு மறுநாளும்.

நான்காம் நாள் லோரியிலிருந்து
பின்பக்கமாய் இறங்கினேன்,
கட்டிலிலிருந்து குழந்தை இறங்குவதுபோல்
காலால் தரையைத் தேடித் தேடி.
மிதித்த கிளட்ச் ஒவ்வொன்றும்
இடது முட்டியில் ஓர் ஆணி.

மச்சான் தேவராயன் தைலத்தோடு வந்தான்.
"காவடி தூக்கி மலையேறினப்ப வலிக்கல,
இப்ப மட்டும் என்னவாம்?"
அப்போது நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தேன், மச்சான்.
இந்தத் தடவை
முதல் நாள் ராத்திரி சப்பாத்து வாங்கினேன். அவ்வளவுதான்.

முட்டியை மடக்கி, நீட்டி, காதை வைக்காத குறையாய்ப் பார்த்த ரொஸ்னா
என்னைவிடப் பத்து வயது இளையவள்.
"பெலான்-பெலான், அபாங்."
ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை,
ஒரு நாள் விட்டு ஒரு நாள்.
எட்டை நீட்டாதீர்கள், குட்டி எட்டாய் வையுங்கள்.
மூச்சு சில வாரத்தில் பழகிவிடுமாம்;
எலும்போடு தசையைக் கட்டியிருக்கும் நாருக்கு
மாதக்கணக்காகுமாம்.

வெட்கமாயிருந்தது.
விடியலில் எஞ்சின் சூடேறும்வரை
உறும விடாதவன் நான்.
நாலு குலை அதிகம் ஏற்றினாலும்
ஸ்பிரிங் முனகுவது என் காதுக்குக் கேட்கும்.

இன்னொன்று அவளும் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தது:
தோட்டத்துத் தார்ச்சாலை நடுவில் முதுகு, ஓரத்தில் சரிவு,
மழைத்தண்ணீர் கால்வாய்க்கு ஓட வேண்டுமே.
இடது டயர் மட்டும் தேய்வது ஏன் என்று
எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறேன்!
இப்போது போன ஓரத்திலேயே திரும்பி வருகிறேன்.
சரிவு மறுகாலுக்கு மாறிவிடுகிறது.
மழையில்லாத நாளில் செம்மண் பாதை.
அங்கே கால் விழும் சத்தம்
தலையணையைத் தட்டுவதுபோல் இருக்கிறது.

ஆலை வாசலில் லோரிகள் வரிசை நகராதபோது
பக்கக் கண்ணாடியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு
குதிகாலைத் தூக்கி இறக்குகிறேன், பதினைந்து பதினைந்தாய்.
"பரதநாட்டியமா?" என்கிறான் பின்வண்டிக் கதிரேசன்.
அவன் வண்டிக்குப் பின்னால் ஆ செங்
எண்ணிக்கையை ஹாரனில் அடிக்கிறான்.

கஷ்டம் ஓடாத நாள்தான்.
சப்பாத்து வாசலில் நாய்போல் பார்க்கிறது.
இரண்டும் பேசாமல் கோப்பி குடிக்கிறோம்,
நானும் முட்டியும்.

பதினோராவது வாரம், ஐந்தே முக்கால் மணி.
பனிமூட்டத்தில் கேட்டுக்கு வந்தபோது
நேப்பாளிக் காவலர் டெக் பகதூர்
தூக்கக் கலக்கத்தில் தடைக்கம்பை முழுதாய் உயர்த்திவிட்டு
பதிவேட்டைத் திறந்தார்.
பிறகுதான் என்னைப் பார்த்தார்.
இருவருக்கும் சிரிப்பு.
ஆனாலும் பேனாவை மூடாமல் கேட்டார்:
"என்ன சரக்கு?"

காலி என்றேன்.
எழுதிக்கொண்டார்.