நிழல் – ஆஃப்

ஓட்டேரியில் எங்கள் கடை ஷட்டர்
முக்காலுக்கு மேல் இறங்காது.
மீதிக் காலில் கொசு வரும்,
கால்வாயின் வாடை வரும்
(அதற்குப் பெயர் நல்லா. யார் வைத்தார்களோ).
பதினோரு மணிக்குப் பிறகு
நானும் கம்ப்யூட்டரும்தான்.

ஏதோ ஒரு வங்கி ஏலத்தில் கழித்துவிட்ட பெட்டி.
பக்கவாட்டில் இன்னும் 'கவுண்டர் 4' என்று சீட்டு.
பகலெல்லாம் அதில்
மஞ்சள் நீராட்டு, காதணி, வாடகை ஒப்பந்தம்,
பெரும்பாலும் கண்ணீர் அஞ்சலி.

கிராபிக்ஸ் கார்டு மட்டும் என் காசு.
ரிச்சி ஸ்ட்ரீட்டில், படிக்கட்டுக்கு அடியில்,
"அதிகம் ஓடாதது, என் பிள்ளை மேல சத்தியம்" என்றான் ஒருவன்.
அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று
டீக்கடையில் சொன்னார்கள்.
அதற்குள் வாங்கியிருந்தேன்.
பவர் சப்ளையை மட்டும் புதிதாக, பில்லோடு வாங்கினேன்.
வெடிப்பதென்றால் அதுதான் முதலில் வெடிக்கும்.

கிருபா பென்டிரைவை நீட்டினான்.
"முழு கேமும் இருக்கு. சும்மா.
ஆன்டிவைரஸை மட்டும் அரை மணி நேரம் அணைச்சு வை."
திருடனே வந்து
நாயைக் கட்டச் சொல்வதுபோல் இருந்தது.

டி டிரைவில் ஒன்பது வருஷத்து இறந்தவர்கள் இருக்கிறார்கள்.
பதினாறாம் நாளுக்கு, முதலாண்டுக்கு, மூன்றாமாண்டுக்கு
திரும்பத் திரும்ப அவர்களைக் கேட்டு வருவார்கள்.
எவனோ பூட்டுப் போட்டுப் பணம் கேட்டால்
வாசலில் நிற்கிற பையனிடம் என்ன சொல்வேன்,
"உங்க அப்பா கரப்ட் ஆயிட்டாரு" என்றா?

பொங்கல் தள்ளுபடி வரைக்கும் காத்திருந்தேன்.
முந்நூற்றி எழுபது ரூபாய்.
இறந்தவர்களை ஒரு பழைய ஹார்டு டிஸ்கில் பிரதி எடுத்து,
அதைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டுத்தான்
விளையாட்டை இறக்கினேன்.

நிழல் – ஆஃப்.
நீரில் பிரதிபலிப்பு – ஆஃப்.
புல் – ஆஃப். (அங்கே ஒரு பூங்கா இருந்ததாம்.)
கூட்டம் – குறைவு.
தூரத்து முகங்கள் – மிகக் குறைவு.
முப்பது பிரேமுக்கு மேல் ஆசைப்படாதே என்று ஒரு பூட்டு.
இடப்பக்கத் தகட்டைக் கழற்றி
டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேராகத் திருப்பினேன்.
எனக்கு வியர்க்கிறது.
அதற்கு எழுபத்தாறு டிகிரி.

மழை பெய்கிற நகரம் அது.
மழை விழுகிறது, தரை நனையவில்லை.
விளக்குக் கம்பத்துக்கு நிழல் இல்லை, எனக்கும் இல்லை,
மே மாதம் பன்னிரண்டு மணிக்கு
பட்டாளம் மார்க்கெட்டில் நடக்கிற மாதிரி.
பாலத்தில் எதிரே வருகிற பெண்ணுக்கு
மூக்கு இல்லை.
கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பழுப்புச் சதுரம்.
கிட்டே போனால் வருகிறது மூக்கு,
அரை விநாடி தாமதமாக,
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே.

எனக்கு அந்த முகம் பழக்கம்.
ரேஷன் கார்டிலிருந்து,
கல்யாண ஆல்பத்தின் நாலாவது வரிசையிலிருந்து
கட்டைவிரல் நகம் அளவுக்கு எடுத்துவந்து
"எட்டுக்குப் பத்து பண்ணிக் குடுங்க" என்பார்கள்.
பெரிதாக்கப் பெரிதாக்க ஆள் போய்விடுவார்.
சதுரம் சதுரமாக ஒரு கண்ணை வைப்பேன்.
மீசையை யூகிப்பேன்.
"அவரேதான்" என்று அழுவார்கள்.
இடது காது வேறொருவருடையது
என்பது எனக்குத்தான் தெரியும்.

எழுபத்தொன்பது. எண்பத்தொன்று.
எண்பத்தைந்தில் நிறுத்துவது என் சட்டம்.
எண்பத்திரண்டில்
ஷட்டருக்கு அடியில் இரண்டு செருப்புக் கால்.
"அக்கா, லைட் எரிஞ்சுது, அதான்.
பெரியப்பா. ஒன்பதரைக்கு.
காலைல ஆறு மணிக்குள்ள வேணும்."
போனை உள்ளே நீட்டினான்.
நாலு பேர் கை மாறி வந்த படம்.

நாலு ஜிபியில் இரண்டும் ஓடாது.
பாலத்தில் சேவ் கிடையாது.
மூடினேன்.
ஃபேனை அவன் பக்கம் திருப்பி,
"உள்ள குனிஞ்சு வாங்க.
பெயரை இனிஷியலோட சொல்லுங்க" என்றேன்.