இடப்பக்கம் இழுக்கும் வண்டி

பிரேக் மிதித்தால் வண்டி இடப்பக்கம் ஓடுகிறது.
முள்ளூர் தாண்டி மூன்றாவது வளைவில்
பாறையை உரசாமல் தப்பியது
என் கெட்டிக்காரத்தனம் இல்லை.
தப்பியது, அவ்வளவுதான்.

அறுபத்திரண்டாம் வருஷத்து பியட்.
ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர்,
கடன் பத்திரத்தில் போஜன் பெயர்.
கல்யாண ஊர்வலம், படப்பிடிப்பு,
தேன்நிலவு ஜோடிகள் சாய்ந்து நின்று எடுக்கும் போட்டோ.
அதன் பிழைப்பு இது. எங்களுடையதும்.

மார்ச்சில் ஒரு படப்பிடிப்பு வாடகை,
பதினெட்டாயிரம் எங்கே போனது என்று
அரவேனு டீக்கடையில் வைத்துக் கத்தினேன்.
அவன் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.
நான்கு மாதமாகச் சாவி மட்டும்
கடைக்காரர் கைவழியாகப் போய்வந்தது.

இன்றைக்கு வந்திருக்கிறான்,
ஜாக்கியோடு, பேசாமல்.
இடது சக்கரத்தின் முன்னால் குந்தி
நட்டுகளைத் தளர்த்த ஆரம்பித்துவிட்டான்.
இழுக்கிற பக்கம்தானே திருடன்.

மலையேறி வந்த சூடு ஆறவில்லை.
விரல் நனைத்து இடது டிரம்மில் தெளித்தேன்.
சுர்ரென்று ஆவி.
வலதில் தெளித்தேன்.
சொட்டு அவசரமில்லாமல் வழிந்து இறங்கியது.
இத்தனை நாள் இடது தனியாக வண்டியைப் பிடித்திருக்கிறது.
வலது சும்மா உருண்டிருக்கிறது.

போஜன் ஒன்றும் சொல்லாமல்
ஜாக்கியை அந்தப் பக்கம் இழுத்துப் போனான்.

டிரம் கழன்று வர மறுத்தது.
அட்ஜஸ்டரைப் பின்னால் திருப்பி,
மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டி, மறுபடி தட்டி.
உள்ளே வீல் சிலிண்டரின் ரப்பர் கப் உப்பி
உதடு கிழிந்து கிடந்தது.
கசிந்த எண்ணெயில் தூசி குழைந்து
கேப்பைக் களி.

பெட்ரோல் டப்பாவைக் காட்டினான்,
ஷூவைக் கழுவிக் கொளுத்தினால் போதும் என்று.
குடித்த லைனிங் குடித்ததுதான்,
சூடேறினால் மறுபடி வியர்க்கும்.
தலையை ஆட்டினேன்.
புது செட், இரண்டு பக்கத்துக்கும்.
ஒன்றை மட்டும் மாற்றினால்
நாளைக்கு வேறு பக்கம் இழுக்கும்.
பில்லைப் பார்க்காத மாதிரி பார்த்தான்.

தூசியை ஊதக் குனிந்தவனின்
தோளைப் பிடித்து ஈரத்துணி கொடுத்தேன்.
அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது
என்று சொல்லவும் வாய் வரவில்லை.

காற்று எடுக்கத்தான் இரண்டு ஆள் வேண்டும்.
அவன் உள்ளே பெடலில், நான் சக்கரத்தடியில்.
சைகை செல்லாது.

"மிதி" என்றேன்.
நான்கு மாதத்தில் முதல் சொல்.
"மிதிச்சிருக்கேன்."
"பிடி."
நிப்பிளைத் திறந்தேன்.
ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் குமிழ் குமிழாக.
"கால் எறங்குது."
"எறங்கட்டும். விட்றாத."
மூடினேன்.
"விடு."

நாலு சக்கரத்துக்கும் இப்படி, தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி.
ஒரு தடவை நான் மூடுமுன்னே காலை எடுத்துவிட்டான்.
போன காற்றெல்லாம் திரும்ப உள்ளே.
தொண்டைவரை வந்தது ஒரு வார்த்தை.
"மறுபடி மிதி" என்றேன்.

பஞ்சாக இருந்த பெடல் கல்லாகும்போது
மஞ்சு இறங்கி ஷெட்டுக்குள் நின்றது.

குஞ்சப்பனை நோக்கி இறங்கினோம்.
பலாப்பழ சீசன், யானை நிற்கும் என்றார்கள்.
நின்றது காட்டுமாடு.
மிதித்தேன்.
பத்தடி முன்னால் வண்டி நேராக நின்றது.
ஸ்டீயரிங்கில் என் கைக்கு வேலை இல்லை.
மாடு எங்களை மெதுவாகக் கணக்குப் பார்த்துவிட்டுத்
தேயிலைக்குள் போனது.

போஜன் இறங்கி,
பிளாஸ்கில் மிச்சமிருந்த டீயை
இரண்டு டிரம்மிலும் ஒவ்வொரு சொட்டு விட்டான்.
இரண்டும் சுர்ரென்றன,
ஒரே அளவில் இல்லை.

"புது லைனிங்" என்றான்.
"படிய நாளாகும்."