மானியம் (சமயம்)

மானியம் என்று தேடினால்
முதலில் உரம் வரும்,
அடுத்து மண்ணெண்ணெய்,
அதற்கும் கீழே கோயிலுக்கு அரசன் எழுதிவிட்ட வயல்.
நாலாவதாக இது,
அடைப்புக்குறிக்குள் சமயம் என்று போட்டு.

தோற்றம்: போன ஆவணி, திருகோணமலை பஸ் நிலையம்.
தோற்றுவித்தோர்: நிலாவெளி பஸ்ஸுக்கு நின்ற
யதுகுலன், இன்ஷாப், டெரில்.
டெரிலின் இரசாயனவியல் கொப்பியில்
நாலு பக்கத்தை ஒரு புள்ளிமான் தின்றுவிட்டு
அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றதாம்.
அந்த நாலு பக்கம்தான் வேதம்.
ஒருவரும் வாசிக்க ஏலாது, ஆகவே
ஒருவரும் பிழையாக விளங்கப்படுத்தவும் ஏலாது.
கட்டளைகள் ஐந்து என்று தலைப்பு, இருப்பது மூன்று:
சொப்பிங் பையை வீதியில் போடாதே.
மான் குறுக்கே படுத்தால் ஹோன் அடிக்காதே.
தெய்வம் படுத்த இடத்துக்கு வேலி போடாதே,
விடிய அது வேறிடத்தில் படுத்திருக்கும்.

வாசித்துச் சிரித்தேன். தேநீர் விசைப்பலகையில் சிந்தியது.
பிறகு, நீக்கலாமா என்ற வார்ப்புருவை ஒட்டினேன்.

பகலில் நான் உட்துறைமுக வீதியில் மருந்துக்கடைக் கணக்கு.
இரவில் இந்தக் கலைக்களஞ்சியத்தில் களை பிடுங்குகிறேன்,
சம்பளமில்லாமல், பதினொரு வருஷமாய்.
தன் பிறந்தநாளைத் தானே எழுதிய கவிஞர்கள்,
ஓர் அதிபர் மகளின் சாமத்தியச் சடங்கு,
இல்லவே இல்லாத ஓர் அருவி,
எல்லாம் என் கையால் போனவை.
விதி சின்னது: உன்னைப்பற்றி
உன்னோடு சம்பந்தமில்லாத ஒருவர் எழுதியிருக்க வேண்டும்.

சேலத்துச் செங்கோடன், அற்பம், தூக்குங்கள் என்றார்.
ஸ்காபரோவிலிருந்து பவானந்தன்,
எங்கட ஊர்ப் பகிடி, இருக்கட்டும் என்றார்.
பகிடி என்பதற்காகத் தூக்க ஏலாது.
எங்கட ஊர் என்பதற்காக வைக்கவும் ஏலாது.

இந்த ஊரில் கல் இரவில் முளைக்கும்.
விடியக் காவலுக்கு ஆள் நிற்கும்.
மத்தியானம் பெயர்ப்பலகை,
மறு கிழமை இரண்டாயிரம் வருஷ வரலாறு.
அப்படியான ஒன்றின் கட்டுரையில் மேற்கோள் பதினேழு.
நானே ஒவ்வொன்றாய்த் திறந்து பார்த்தேன்.
பக்க எண்கூடப் பிழையில்லை.

பெடியளும் ஒரு பலகை நட்டவங்கள்,
மக்கெய்சர் மைதானத்து ஓரம்:
நேற்று இங்கே தெய்வம் படுத்தது.
இந்த இடம் அதற்குச் சொந்தமில்லை.
இரண்டு மணித்தியாலம் பொலிஸில் வைத்திருந்தார்களாம்.
இன்சுலின் வாங்க வந்த யதுகுலனின் தாய்
கைப்பையிலிருந்து ஒரு பிரதி எடுத்துக் காட்டினா.
சிங்களத்தில், அச்சுப்போன்ற கையெழுத்தில்,
'புதிய மதமொன்றைப் பரப்பியமை.'
திகதி உண்டு. இலக்கம் உண்டு. முத்திரையும் உண்டு.
சம்பந்தமில்லாத ஒருவர் எழுதியது.
அந்த மதத்தை முழுதாய் நம்பிய ஒரே ஆள்
அந்தச் சார்ஜன்ட்.

ஆனால் முறைப்பாட்டுப் புத்தகம் வெளியான நூலல்ல.
பெடியள் கேட்டது நிலமில்லை, பதினைந்து வரி.
இரவு பன்னிரண்டு நாற்பதுக்கு நீக்கினேன்.
காரணம்: குறிப்பிடத்தக்கமை இல்லை.

காலையில் பஸ் நிலையத்துக்குத் திரும்பும் மூலையில்
நடுவீதியில் படுத்திருக்கிறது,
வாயில் நீலச் சொப்பிங் பை.
ஸ்கூட்டரை நிறுத்தி எஞ்சினையும் அணைத்தேன்.
பின்னுக்கு நிலாவெளி பஸ்,
அன்றைக்கென்று நேரத்துக்கு வந்து,
அடி அடியென்று ஹோன் அடிக்கிறது.