ஏற்றுமதி

குருநகர் இறங்குதுறையின் புது மேடைக்குப்
பதினெட்டுத் தூண்.
ஒன்பதாம் தூணின் தலையில் மட்டும்
குன்றிமணி அளவில் ஒரு சிவப்பு.
இரண்டு இரவு கணினி கொதித்துக் கொதித்துச்
சொல்லி முடித்தது இவ்வளவுதான்.

இனி அதைப் படமாக்க வேண்டும்.
'ஏற்றுமதி' என்ற பொத்தானை அழுத்த
ஒரு பெட்டி திறந்து
சுங்கக்காரன் மாதிரிக் கேட்கத் தொடங்கிற்று.
அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு,
அங்குலத்துக்கு எத்தனை புள்ளி.

முந்நூறு என்றேன்.
இந்தத் துறையிலும் ஏற்றுமதிதான்,
நண்டை நிறுத்துத் தரம் பிரித்து ஐஸில் புதைத்து.
எதுவும் உயிரோடு போவதில்லை.

பின்னணி?
தானாகவே வைத்திருந்தது
மேலே நீலம் கீழே சாம்பலாய்
எந்தக் கடலிலும் விழாத ஓர் அந்தியை.
வெள்ளை ஆக்கினேன். மை மிச்சம்.

வலையைக் காட்டவா மறைக்கவா?
மறை.
வலை பார்த்துச் சலித்தவர்களுக்கு
என் வலைக்கண் எதற்கு.

உருமாற்றம்: அறுநூற்றுப் பன்னிரண்டு மடங்கு.
படத்தில் மேடை
வெயிலில் விட்ட மெழுகுதிரியாய் வளைந்து நின்றது.
இதைக் கண்டால் சங்கத்தில் ஒருவரும்
கால் வைக்க மாட்டார்கள்.
ஒன்று என்று மாற்றினேன்.
அசையவே இல்லை. அதுதான் உண்மை,
ஆனால் அதில் பார்க்க ஒன்றுமில்லை.
இருபதில் நிறுத்தி
எழுத்துப் பருமனைக் கூட்டி
ஆறு தசமத்தை ஒன்றாக வெட்டினேன்.
தலைவர் அலோசியஸ் கண்ணாடி போடுவதில்லை.

கடற்கரை வீதியில் டெரன்ஸ் கடை பூட்டும் நேரம்.
"கலர் மை முடிஞ்சுது அக்கா.
திங்கள்தான் வரும்.
கறுப்பு வெள்ளையில அடிக்கட்டே?"

அடித்தான்.
சிவப்பும் சாம்பல். நீலமும் அதே சாம்பல்.
முறியப் போகிற தூணும்
சும்மா நிற்கிற தூணும்
இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.

அவன் கடை வாங்கிலிலேயே மடிக்கணினியைத் திறந்தேன்.
வானவில்லை எடுத்தெறிந்து
வெள்ளையில் தொடங்கிக் கறுப்பில் முடியும்
ஒரே நிறத்தின் ஏணி வைத்தேன்.
பாரம் ஏற ஏறக் கறுக்கும்.
வடிவில்லாத படம். விளங்கும்.
டெரன்ஸ் பன்னிரண்டு பிரதி எடுத்து
பத்துக்குத்தான் காசு வாங்கினான்.

காலை எட்டு மணிக் கூட்டம்.
ஒன்பதாம் தூணின் கறுப்பைக் காட்டினேன்,
இன்னும் கம்பி வேண்டும் என்றேன்,
தலையாட்டினார்கள்.
நண்டு தெரிகிற மெற்றில்டா மட்டும்
தாளை ஒருமுறை சுற்றித் திருப்பிப் பார்த்து
பதினான்காம் தூணுக்கு மேலே
செதில் ஒட்டிய விரலை வைத்தாள்.

"இஞ்ச ஏன் பிள்ளை ஒண்டும் கீறேல்லை?
ஐஸ் பெட்டி எல்லாம்
இதிலதானே அடுக்கிறனாங்கள்."

குனிந்து பார்த்தேன்.
மேடை முழுக்கப் பாரத்தைச் சமனாய்ப் பரப்பியவள் நான்.
அந்த இடம் வெளிறிக் கிடந்தது,
நான் தேர்ந்த பின்னணியும் அதுவும்
ஒரே வெள்ளை.

"எத்தனை பெட்டி?"
"மழைக்காலத்தில நாப்பது. சில நாள் அறுபது."

தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

இரண்டு இரவு மறுபடி கணினி கொதித்தது.
மறுபடி ஏற்றுமதி,
முந்நூறு புள்ளி, வெள்ளைப் பின்னணி.

'இதே பெயரில் ஒரு படம் ஏற்கனவே உண்டு.
அதை அழித்து எழுதவா?'

எழுது.